ஞாயிறு மதியம் தப்பான மேசையில் உட்கார்ந்த விவரம்

பொலோன்யா,
மார்ச் 26

அன்பு மிகுந்த அக்கா யோலாந்தாவுக்கு,

தம்பி ஒத்தோரினோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். ஃபெராராவில் உன் முழங்காலும் அத்தானின் காதும் முன்னைக்கு இப்போது தேவலை என்று நம்புகிறேன். உன் பாடல் குழுத் தோழி செலிந்தா அம்மையாரோடு என்னை மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தே தீருவது என்று மூன்று மாதம் பாடுபட்டாய். என்ன ஆயிற்று என்று கேட்டு நேற்று மட்டும் நான்கு முறை ஃபோன் செய்தாய். நான் எடுக்கவில்லை. ஃபோனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், கடிதத்தில் அது முடியாது. முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ சொன்னபடியே சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நீ சொன்னபடியே பன்னிரண்டரை மணிக்கு, பெரிய சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கும் 'மூன்று வாத்து' உணவகத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே மதியச் சாப்பாடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், தெரிந்தும் அனுப்பினாய். நடு மேசையில் ஒரு ஞானஸ்நான விருந்து, இருபது பேர், குழந்தை மட்டும்தான் அழாமல் இருந்தது. இந்தப் பக்கம் கால்பந்துக்காரர்கள் நடுவரின் குடும்பத்தையே இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுக்களையிலிருந்து யாரோ பாடினார்கள், யாரோ திட்டினார்கள், இரண்டும் ஒரே ராகத்தில் இருந்தது. ரேமோ என்ற பரிமாறுபவர் ஒரு கையில் நான்கு தட்டுகளோடு என்னை இடித்துக்கொண்டு போனார். "இங்க ஒரு அம்மா தனியா ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்களா?" என்று கேட்டேன். "இருக்காங்க பெரியவரே, போங்க, போங்க, சூப்பு கொட்டுது!" என்று தாடையால் ஜன்னல் பக்கம் காட்டினார். போனேன். அங்கே வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நீ சொன்ன பச்சைக் கழுத்துத்துணியைக் காணவில்லை. சூட்டுக்குக் கழற்றி வைத்திருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். என் தவறு அது ஒன்றுதான்.

நான் கைக்குட்டையை மடியில் விரிப்பதற்குள் அந்த அம்மாள், "நல்லவேளை, நேரத்துக்கு வந்துட்டீங்க. எடுத்த உடனே கேட்டுடறேனே, குறட்டை விடுவீங்களா?" என்றார்.

அக்கா, நான் அரசாங்கத்தில் முப்பத்தாறு வருடம் நிலம் அளந்தவன். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லித்தான் பழக்கம். "லேசா விடுவேன். அதுவும் இடது பக்கம் திரும்பிப் படுத்தாத்தான்" என்றேன்.

"அது பரவாயில்ல. புகை?"

"நிறுத்திப் பதினோரு வருஷம் ஆச்சு."

"வாசிப்பு எப்படி? தினமும் உண்டா?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. உன் தோழி படித்தவர் என்று நீ சொன்னது சரிதான் என்று நினைத்தேன். "உண்டுங்க. காலையில ஒரு மணி நேரம், ராத்திரி படுக்கையில ஒரு மணி நேரம்."

"படுக்கையிலயா? படுத்துக்கிட்டேவா?"

"தலைக்கு ரெண்டு தலகாணி வெச்சுப்பேன்."

"சத்தம் ஊரைக் கூட்டுமே!"

"சத்தமே வராதுங்க. மனசுக்குள்ளதான் வாசிப்பேன். உதடு மட்டும் லேசா அசையும்."

அந்த அம்மாள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "மனசுக்குள்ளயே வாசிக்கிறவரை இப்பத்தான் பாக்கிறேன். தியேட்டர்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"தியேட்டர்ல எதுக்குங்க வாசிக்கப் போறேன்? இருட்டா இருக்குமே!"

நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து அவர் சிரிக்க ஆரம்பித்தார். சின்னச் சிரிப்பில்லை. ஞானஸ்நானக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவரைப் பார்த்து நானும் சிரித்தேன். என் மனைவி நிவெஸ் கண்ணை மூடிய இந்த நான்கு வருடத்தில் நான் மதியச் சாப்பாட்டை அடுக்களைத் தொட்டி ஓரமாக நின்றுகொண்டே முடிக்கிறேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும், அதனால்தான். அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டேன். சூப்பில் மிதக்கும் தொர்தெல்லீனிக் கொழுக்கட்டை வந்தது, பிறகு லசான்யா. லசான்யாவின் ஓரத்தில் கருகினாற்போல் மொறுமொறுவென்று இருக்குமே, அது நிவெஸுக்கு உயிர். என் கை தன்பாட்டுக்கு அதை வெட்டி அந்த அம்மாளின் தட்டில் வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் பார்த்தேன், காது சுட்டது. அவர் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்ல இடமாப் பாத்து வெட்டியிருக்கீங்க" என்றார்.

அப்புறம் பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்குத் திருப்தி. ஒண்ணாம் தேதியே குடி வந்துடுங்க."

எனக்குப் புரை ஏறியது. கால்பந்துக்காரர்களில் ஒருவன் ஓடி வந்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தான். "பெரியவரே, மூச்சு விடுங்க, காப்பி இன்னும் வரல!" என்று ரேமோ கத்தினார். மூச்சு திரும்பியதும், "அம்மா, முதல் சாப்பாட்டுலயே இவ்வளவு அவசரம் வேண்டாமே, அக்கா மெதுவாப் போகச் சொல்லியிருக்கா" என்றேன்.

"எந்த அக்கா? அறை ஒருத்தருக்குத்தான் விடுறேன். முதல்லயே சொல்லிட்டேனே!"

"எந்த அறை?"

"மாடி அறை. நீங்க தியேட்டர் வாத்தியக் குழுவுல டிராம்போன் வாசிக்கிற அதெல்மோதானே?"

"நான் நில அளவை ஒத்தோரினோ."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். தூணுக்குப் பின்னால், மூலை மேசையில், பச்சைக் கழுத்துத்துணியோடு உன் செலிந்தா. எதிரே ஒரு நீண்ட கறுப்புப் பெட்டியை நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு மீசைக்காரர். ஒரே கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டு இனிப்புச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அருகில் போய்ப் பெயரைச் சொன்னதும் செலிந்தா, "ஓ, நீங்களா அவர்? உட்காருங்க" என்றவர், மீசைக்காரரை ஒரு முறை பார்த்துவிட்டு, "இல்ல, வேண்டாம். நீங்க அங்கயே இருங்க" என்றார். மீசைக்காரரோ, "வீட்டுக்கார அம்மா ரொம்பக் கறாரா விசாரிக்கிறாங்கன்னு நினைச்சேன். மறுபடியும் கல்யாணம் பண்ணிப்பீங்களான்னு கேட்டாங்க, வாடகை கம்மியாகும்னா பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டேன்!" என்றார். செலிந்தா வெட்கப்பட்டார், அக்கா. அறுபத்து மூன்று வயதில் ஒரு முகம் அவ்வளவு சிவந்ததை நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் நான் அங்கே நிற்பது நாகரிகமில்லை.

ஜன்னல் மேசைக்குத் திரும்பினேன். அந்த அம்மாளின் பெயர் எர்சிலியா, நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். சாவியை இன்னும் பைக்குள் வைக்கவில்லை. "அந்த ஆள் இனிமே என் மாடிக்கு வர மாட்டார் போலிருக்கே" என்றார்.

"சத்தம் இல்லாத வேற ஆளாப் பாத்துக்கலாங்க" என்று ஆறுதலாகச் சொன்னேன்.

"சத்தம் வேணும்னுதானே டிராம்போன்காரரைத் தேடினேன்!" என்றார். சாவியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். "மாடியில இருந்த என் தம்பி போனதுலேர்ந்து அங்க ஒரு செருப்புச் சத்தம்கூட இல்ல. குழாய் சொட்டினாக்கூட யாரோ வந்துட்டாங்கன்னு எழுந்து போய்ப் பாக்கிறேன்."

"எனக்கு வாத்தியமெல்லாம் வராதுங்க. கதவை மட்டும் அடிச்சுத்தான் சாத்துவேன். மாடிப்படி ஏறும்போது எனக்கு நானே பேசிக்குவேன். நிவெஸ் திட்டிக்கிட்டே இருப்பா" என்றேன். ரேமோ காப்பி கொண்டுவந்தார். குடித்தோம். வாசலில் கை குலுக்கிவிட்டு அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போய்விட்டோம். அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே அக்கா, உனக்குத் திட்டவட்டமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். இனி எனக்கு யாரையும் பார்க்காதே. இந்த வயதுக்கு மேல் என்னால் இன்னொருவர் வீட்டுப் பழக்கத்துக்கு வளைந்துகொடுக்க முடியாது. இந்த மூன்றாம் மாடி வீட்டிலேயே நிம்மதியாக இருந்துவிடுவேன், இங்கிருந்து என்னைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இதில் மாற்றமே இல்லை.

அத்தானுக்கு என் மரியாதை. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உங்கள் வீட்டில் கணப்பு அணையாமலும் ரொட்டி குறையாமலும் இருக்கட்டும்.

என்றும் உன் சொல் தட்டாத தம்பி,
ஒத்தோரினோ

பி.கு. ஏப்ரல் 3. தபால்தலை வாங்க மறந்து, கடிதம் எட்டு நாள் கோட்டுப் பையிலேயே கிடந்துவிட்டது. மேலே 'திட்டவட்டமாக' என்று எழுதிய பத்தியை மட்டும் படிக்காதே. ஒன்றாம் தேதி அந்தச் சாவி என் கைக்கு வந்துவிட்டது; இனிமேல் எர்சிலியா வீடு, லாவந்தரே தெரு, எண் 14, மாடி என்று முகவரி எழுது. பதில் போடும்போது எங்கள் இரண்டு பேரையும் விசாரித்து எழுது, என் கடிதங்களை அவள்தான் முதலில் பிரிக்கிறாள். இதையும் படித்துவிட்டாள், இரண்டு எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறாள். செலிந்தாவைப் பற்றி எழுதியதை அடிக்கச் சொல்லிப் பார்த்தாள், நான் கேட்கவில்லை. தன்னைப் பற்றி எழுதியதில் மட்டும் கை வைக்கவில்லை.