எட்டடியில் வாசல்

"ஏம்மா வேல்விழி, இது மருந்து ரூமா, கல்யாண மண்டபமா? வாசலுக்குப் போறதுக்குள்ள ஒரு காப்பி குடிச்சுரலாம் போலயே!"

பட்டாசுக் கம்பெனி மேனேஜர் லட்சுமிகாந்தம் திரையைப் பார்த்துச் சிரித்தார். வெடிமருந்து ரூமில் வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்குக் காட்டப்போகிற பாதுகாப்புப் படம். பொறி தெரிந்ததும் வாசலுக்கு ஓட வேண்டும், அவ்வளவுதான் கதை. கம்ப்யூட்டரில் அறையைக் கட்டி ஆட்களையும் உட்கார வைத்துவிட்டாள் வேல்விழி. கேமராவை வைக்கத்தான் இடம் அமையவில்லை. கோணத்தை அகட்டியதில் எட்டடியில் இருந்த வாசல் சாத்தூருக்குப் போய்விட்டது.

கோணத்தைக் குறுக்கினாள். வாசல் மூக்கில் இடித்தது, ஆட்களைக் காணோம். கேமராவைப் பின்னுக்கு இழுத்தாள். அது சுவரைத் தாண்டி வெளியே போய் நின்றுகொண்டது. திரை முழுக்க வெள்ளைச் சுவர். கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பதை மறைக்கச் சொன்னாள். சொன்ன பேச்சைத் தட்டாத கம்ப்யூட்டர், சுவரோடு சேர்த்து முன்னால் இருந்தவரின் தலையையும் எடுத்துவிட்டது.

"தலையில்லாத ஆளு எங்கிட்டும்மா ஓட?"

கிட்டம், தூரம் என்ற பேதமே இல்லாத தட்டைப் பார்வைக்கு மாற்றினாள். வாசல் இன்னொருவர் தலைமேல் ஏறி உட்கார்ந்தது.

"பட்டாசுப் பெட்டி லேபிள் கணக்கால்ல இருக்கு! வாசலு முன்னப்பின்ன இருந்தா என்ன? விடும்மா."

அவளால் விட முடியாது. மூன்று வருடத்துக்கு முன், தாயில்பட்டிப் பக்கம் இதேபோல் ஓர் அறையில்தான் அவள் அப்பா இருளாண்டி கருகிப்போனார். வாசல் எட்டடியில் இருந்தது. "கண்ணு முன்னால வாசல் இருந்துச்சே, மனுசன் ஓடலையே" என்று அம்மா இன்னும் அழுகிறாள். வேல்விழிக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். எங்களை நினைத்தாவது ஓடியிருக்கலாமே அப்பா!

படம் சரியாக இருக்கிறதா என்று சொல்ல, அனுபவப்பட்ட ஆளாகப் பலவேசத்தை வரவழைத்திருந்தார் மேனேஜர். அன்று அப்பாவோடு அதே அறையில் இருந்து, கால் வெந்து பிழைத்தவர். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டுப் பக்கம் தலைகாட்டாதவர். வேல்விழிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில், அவர் கண் உயரத்தில் கேமராவை வைத்தாள். வாசல் பளிச்சென்று தெரிந்தது.

"சரியாப்போச்சு!" என்றார் லட்சுமிகாந்தம்.

வேல்விழிக்குத் தாங்கவில்லை. பலவேசத்தின் பக்கம் திரும்பினாள். "இம்புட்டுத் தெளிவாத் தெரியுதே மாமா! எங்கப்பா ஏன் ஓடல?"

பலவேசம் தரையைப் பார்த்தார்.

"மொத ஆளா வெளிய ஓடுனது உங்கப்பாதான் தாயி. நாந்தான் உள்ள இருந்து கூப்புட்டுட்டேன்."