முதுகு இல்லாத கோட்டு

“பயப்படுறவன்தான் இன்சூரன்ஸ் கட்டுவான். நான் எதுக்குக் கட்டணும்?”

ஒரு மாதத்துக்கு முன்னால் போட்டோக்காரர் எடுத்த வீரமான முடிவு இது. எடுத்தபோது மனைவி பக்கத்தில் இல்லை. பெரிய முடிவுகளை எல்லாம் அவர் அப்படித்தான் எடுப்பார்.

அவருடைய ஸ்டூடியோ ஒரே ஒரு அறை. அதன் பின்கதவைத் திறந்தால் வீடு. அவர் படம் பிடிப்பார். மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி, படத்தில் தூங்கி வழிந்த கண்களைத் திறந்துவிடுவாள், வழுக்கையில் அடித்த வெளிச்சத்தைத் துடைத்துவிடுவாள். கடையின் தலையெழுத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். கடைக்கு வந்த வெளியாளுக்கு நம்மால் ஒரு அடி பட்டால், அவர் பொருள் ஒன்று உடைந்தால், நமக்குப் பதிலாகக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும் பாலிசி ஒன்றை வருஷம் தவறாமல் புதுப்பித்து வந்தாள். அந்த வருஷத்துப் பணத்தை அவர் கையில் கொடுத்து, “இன்னிக்கே கட்டிட்டு வாங்க” என்றாள்.

அவரும் கிளம்பினார். வழியில் ஒரு கேமராக் கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு லென்ஸ். மீதியைச் சொல்லவும் வேண்டுமா?

“கட்டியாச்சா?”

“ஆச்சு.”

“ரசீது?”

“அனுப்பி வைப்பாங்களாம்.”

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். லென்ஸ் பெட்டி பரண்மேல் ஏறியது. வெளியே எடுத்தால் மாட்டிக்கொள்வார். அதனால் மனைவி குளிக்கப் போகும்போதெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டியைத் திறக்காமலே கையில் ஏந்திப் பார்த்துவிட்டு இறங்குவார். அந்தக் கனமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இப்படியாக ஒரு மாதம் போனது. முப்பத்தோராவது நாள் கணக்கு வாத்தியார் வந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாஸ்போர்ட் படம் வேண்டும் என்றார். ஸ்டூடியோவில் இதற்கென்றே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. எந்த உடம்புக்கும் பொருந்த வேண்டும் என்று அதன் முதுகைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டி விட்டிருந்தார்கள். முன்னால் இருந்து பார்த்தால் கலெக்டர். பின்னால் இருந்து பார்த்தால் வெறும் சட்டை. அந்த ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டில் போட்டிருப்பது அந்தக் கோட்டுதான்.

வாத்தியார் கோட்டு மாட்டி, படத்துக்கு உட்கார்ந்து, எழுந்தார். எழுந்தவர் கால், விளக்குக்குப் போகிற ஒயரில் மாட்டியது. “அந்த ஒயரை ஒட்டி வைங்க, ஒட்டி வைங்க” என்று மனைவி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே ஒயர். மனிதர் அப்படியே கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் போட்டோக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். “சார், எல்லாம் என் தப்பு! எவ்வளவு ஆனாலும் நான் கொடுத்துடறேன்!”

மனைவி அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள். “அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கக் கூடாதுங்க. கொடுத்தா கம்பெனி கையை விரிச்சுடும். யார் தப்பு, எவ்வளவு கொடுக்கணும்னு கம்பெனிதான் பார்த்து முடிவு பண்ணணும். நாம செய்ய வேண்டியது, உடனே தகவல் சொல்றது. அவ்வளவுதான்.”

வாத்தியார் மாவுக்கட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “என் பொண்ணு வக்கீல். கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டா. இல்லேன்னா நோட்டீஸ் அனுப்பணுமாம்.”

“இருக்கு சார். இவர் கையாலதான் கட்டினார். இல்லீங்க?”

“ம்.”

சொல்லிவிட்டு அவர் மருந்துச் சீட்டைப் படிக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒயரைச் சுற்றி இரண்டு நாற்காலிகளைப் போட்டாள். “யாரும் இதைத் தொடக் கூடாது. ஆள் வந்து பார்க்கற வரைக்கும் விழுந்தது விழுந்தபடி இருக்கணும். நீங்க போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா?”

“இதோ!” அவர் வாசலுக்குப் போய், அணைந்து கிடந்த போனைக் காதில் வைத்து, “ஆமாங்க, கைதாங்க, வலது கைங்க” என்று ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்தார். “நாளைக்கு மூணு மணிக்கு ஆபீசர் வர்றாராம்.”

“பரவாயில்லையே!” என்றாள் அவள்.

கடையும் வீடும் ஒரே சுவர். நோட்டீஸ் முன்வாசலில் வந்தால் பின்வாசலுக்கும் வந்த மாதிரிதான். நடுவில் அவர் தப்பிப்பதற்குச் சந்துகூட இல்லை. நேராகப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார்.

“தம்பி, நாளைக்கு நீதான் ஆபீசர்.”

“அண்ணே, எனக்கு இன்சூரன்ஸ் பத்தி என்ன தெரியும்?”

“தலையாட்டு. ‘பார்த்து முடிவு சொல்றோம்’னு சொல்லு. அவ்வளவுதான். அதுக்குள்ள நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்.”

“போட்டுக்க நல்ல துணிகூட இல்லையேண்ணே.”

போட்டோக்காரர் யோசித்தார். யோசித்து, ஒரு கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் மூன்று மணி. வாத்தியார் மாவுக்கட்டோடு நாற்காலியில். எதிரே மனைவி. ‘ஆபீசர்’ உள்ளே வந்தார். வந்தவர் முதுகைச் சுவரோடு ஒட்டி, நண்டு மாதிரிப் பக்கவாட்டிலேயே நடந்து போய் உட்கார்ந்தார்.

“வாங்க சார்” என்றாள் மனைவி. “தண்ணி சாப்பிடறீங்களா?”

“வேண்டாம் அண்ணி… மேடம்.”

போட்டோக்காரர் அவசரமாக இருமினார்.

“ஒரு சந்தேகம் சார். இந்தப் பாலிசி யாருக்காக?”

“உங்களுக்குத்தான் மேடம். உங்க கடை, உங்க கேமரா, உங்க விளக்கு, எது உடைஞ்சாலும் கம்பெனி கொடுத்துடும்.”

“அப்ப என் கை?” என்றார் வாத்தியார்.

“கையா? அது… உங்க கைதானே சார். அதை நீங்கதான் பார்த்துக்கணும்.”

மனைவி வாத்தியாரைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: “தலைகீழாச் சொல்றார் சார். நம்ம கேமரா உடைஞ்சா இந்தப் பாலிசியில ஒரு பைசா வராது. நம்மால அடிபட்ட வெளியாளுக்குத்தான் இது. உங்களுக்காகத்தான்.”

“பார்த்து… முடிவு சொல்றோம்” என்று ‘ஆபீசர்’ எழுந்தார். பின்பக்கமாகவே நடந்தார். வாசல்படி இருந்தது அவர் முதுகுக்குத் தெரியவில்லை. தடுமாறி அரை வட்டம் சுற்றினார். வெட்டுப்பட்ட கோட்டு இரண்டு சிறகாக விரிந்தது.

“இது நேத்து நான் போட்டிருந்த கோட்டாச்சே!” என்றார் வாத்தியார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் வைத்தார். “மன்னிச்சுக்கங்க அண்ணி. கடையில ஆளில்லை” என்று சொல்லிவிட்டு மறைந்தார்.

வாத்தியார் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. “நோட்டீசே அனுப்பச் சொல்லிடறேன்.”

“சார், உட்காருங்க சார்!” போட்டோக்காரர் அவர் முன்னால் இரு கையையும் விரித்தார். “நான் பணம் கட்டலை. லென்ஸ் வாங்கிட்டேன். இவளுக்குத் தெரியாது. இதோ, இப்பவே வித்து உங்க கையில கொடுத்துடறேன்!”

அவர் உள்ளே ஓடி, ஸ்டூல் போட்டு, பரணிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அதைத் திறந்தார்.

உள்ளே ஒரு பழைய இரும்புப் பூட்டு. அதன்மேல் சுருட்டி வைத்த ஒரு காகிதம். விரித்துப் பார்த்தார். பாலிசி. இந்த வருஷத்துப் பாலிசி.

“கம்பெனிக்காரங்ககிட்ட இருக்கறது என் நம்பர்” என்றாள் மனைவி. “பணம் வரலைன்னு எனக்குத்தான் தகவல் வந்துது. பரணை ஒட்டடை அடிச்சப்ப பெட்டி கிடைச்சுது. ஏழு நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம்னு கடைக்காரன் பில்லுல போட்டிருந்தான். ஆறாம் நாள் கொடுத்துட்டேன். பாலிசி முடியறதுக்கு முந்தின நாள் கட்டிட்டேன்.”

“அப்புறம் ஏன்டி என்கிட்ட சொல்லலை?”

“நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். ஒரு மாசமாப் பார்த்தேன். கனம் சரியா இருந்துதா?”

அவர் பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“நேத்தே நான் தகவல் சொல்லியாச்சு. நாலு மணிக்கு வர்றாங்க” என்றாள் அவள்.

சரியாக நாலு மணிக்கு ஒரு அம்மாள் வந்தார். கோட்டு இல்லை. கையில் ஒரு அளவு நாடா, ஒரு நோட்டு. ஒயரைப் படம் எடுத்தார், நாற்காலியிலிருந்து தூரம் அளந்தார், வாத்தியாரின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து கேட்டார்: “கடைக்காரங்க யாராவது ‘என் தப்பு, நான் கொடுத்துடறேன்’னு உங்களுக்கு வாக்குக் கொடுத்தாங்களா சார்?”

போட்டோக்காரருக்கு மூச்சு நின்றது.

வாத்தியார் போட்டோக்காரரையும் அந்தப் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அவர் அழுத அழுகையில ஒரு வார்த்தையும் எனக்குப் புரியலைம்மா” என்றார்.

போட்டோக்காரருக்கு நின்ற மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. வந்த வேகத்தில் அவருக்கு உற்சாகமும் வந்துவிட்டது. “மேடம், எப்படி விழுந்தார்னு நான் காட்டறேன்!” என்று காவலுக்குப் போட்டிருந்த நாற்காலிகளை விலக்கினார். “இப்படி உட்கார்ந்திருந்தார். இப்படி எழுந்தார். இப்படிக் காலை…”

ரொம்பச் சரியாகக் காட்டினார். ஒயர் காலில் சுற்றியது. தொப்பென்று விழுந்தார். கணுக்கால் அவர் கண்முன்னே உப்பியது.

“மேடம்!” தரையில் கிடந்தபடியே கையை உயர்த்தினார். “இதையும் அந்த நோட்டுல எழுதிக்கங்க!”

“நீங்க கடைக்குச் சொந்தக்காரர் ஆச்சே சார்” என்றார் அந்த அம்மாள், நோட்டை மூடியபடி. “இது வெளியாளுக்கு மட்டும்தான். உங்களுக்கு வேணும்னா தனியா ஒரு பாலிசி எடுக்கணும்.”

போட்டோக்காரர் பரிதாபமாக மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டாண்டின்மேல் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்துட்டாப் போச்சு” என்றாள். “அதான் விக்கறதுக்குக் கேமரா இருக்கே.”