கம்பி கழற்றும்வரை கலியாணம் வேண்டாம்

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்.
ஜூன் 8, திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள சிவமணி அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் ஞானசுந்தரம் எழுதிக்கொள்வது. நான் இங்கே பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுகம். அங்கே நீங்களும், அக்காவும், பிள்ளைகளும், போன மாதம் திருத்திய கிணற்றுக்கட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். விசயத்தைப் போனில் சொன்னால் அக்கா சத்தமாகப் போட்டுத்தான் கேட்பார். அக்கா கேட்டால் கோண்டாவில் ஊரே கேட்கும், கோண்டாவில் கேட்டால் கனடா கேட்கும். கடிதம் என்றால் நீங்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுக்கும் நேரமாவது அது இரகசியமாக இருக்கும்.

போன கிழமை நீங்கள் போனில் கேட்டீர்கள், "தம்பி, கோசலை உன்ரை அக்காட்டைக் கேட்டிருக்கிறா, உவருக்கு இந்தக் கலியாணத்திலை விருப்பம் இருக்கோ இல்லையோ எண்டு. மனிசன் ஒருக்காலும் சிரிக்கிறேல்லையாம். விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லிப்போடு" என்று. நான் ம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்கு விளக்கமாகவே இந்தக் கடிதம். விருப்பம் இருக்கிறது அத்தான். நிறைய இருக்கிறது. கோசலைக்கு நாற்பத்தாறு வயது, பாரிசுக்கு வெளியே சார்செலில் தனியாக இருக்கிறார், சிறுவர் காப்பகத்தில் வேலை, முதல் கலியாணம் சரிவரவில்லை என்பதெல்லாம் சம்பந்தம் பேசும்போது நீங்கள் எனக்குச் சொன்னவை. அவர் நல்லாகப் பகிடி விடுவார் என்பதை நீங்கள் சொல்லவில்லை. முதல்முறை கண்டபோது காப்பகத்துப் பிள்ளை ஒன்று தன் சப்பாத்தைச் சூப்புக்குள் போட்ட கதையைச் சொன்னார். எனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. வாயைத் திறக்காமல் மூக்கால் சிரித்தேன். தடிமனா, சளியா என்று கேட்டு எனக்கு ஒரு கடதாசிக் கைக்குட்டை தந்தார். அதற்குப் பிறகு இரண்டு முறை சந்தித்தோம். அந்த இரண்டு முறையும் சுகமாகிவிட்டதா என்று விசாரித்தார்.

என் பல்லைப் பற்றி உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நீங்கள் அக்காவைக் கட்டும்போது எனக்குப் பதின்மூன்று வயது, அப்போதே வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகிவிட்டேன். அமைதியான பெடியன் என்று நீங்கள் எல்லோரிடமும் சொன்னீர்கள். மேல் வரிசையில் நிறம் கோடு கோடாக இருக்கும். வேரடியில் சாம்பல், நடுவில் மண்ணிறம், நுனியில் மஞ்சள். கீழ் வரிசையில் நிறம் பரவாயில்லை, ஒழுங்குதான் இல்லை. காரைநகர் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. இவ்வளவு காலமும் இது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. உணவகத்து அடுப்படியில் வேலை செய்கிறவனின் பல்லை யார் பார்க்கிறார்கள்? செப்ரெம்பர் 12இல் நகரசபையில் கலியாண எழுத்து என்று நாள் குறித்த பிறகுதான் கண்ணாடியின் முன் நின்று சிரித்துப் பார்த்தேன். உடனே நிறுத்திவிட்டேன்.

முதலில் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் கஜன் சொன்னான் என்று கரித்தூள் போட்டுப் பத்து நாள் தேய்த்தேன். பல் அப்படியே இருந்தது, முகம் கழுவும் தொட்டி கறுத்தது, பல் முரசில் இரத்தம் வந்தது. சரி, முறைப்படி பல் வைத்தியரிடம் போவோம் என்றால் என்னுடைய பிரெஞ்சு அடுப்படிப் பிரெஞ்சு. வெட்டு, கிண்டு, கெதியாகக் கொண்டு வா, தட்டு சுடுகிறது. இருபத்தாறு வருசம் அதுவே எனக்குப் போதுமாக இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு பல்லைப் பற்றிக் கதைக்க முடியாது. அதனால் மேல்மாடி செபஸ்டியன் ஐயாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாண்டிச்சேரிக்காரர், தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர், குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. காத்திருக்கும் அறையில் அவர்கள் தந்த படிவத்தை விரித்து, "தம்பி, வாய் நாத்தம் உண்டான்னு கேட்டிருக்காங்க, இல்லன்னு போட்டுடவா?" என்றார். அங்கே இருந்த ஆறு பேரில் நாலு பேர் தமிழர். ஒருவர் என் பதிலுக்காகக் கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தார்.

பல் வைத்தியர் பெயர் மதாம் ஆரெலி. இளம் பெண், பொறுமைசாலி. பல் நிறங்களை வரிசையாகக் கோத்த ஒரு பட்டியை எடுத்து என் வாயருகே பிடித்தார். பதினாறு நிறம் இருந்தது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பிறகு பட்டியை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். அதன்பின் செபஸ்டியன் ஐயாவிடம் நெடுநேரம் விளக்கினார், அவர் எனக்கு மொழிபெயர்த்தார். "சின்ன வயசுல காய்ச்சலுக்கு ஏதோ மருந்து நெறைய குடுத்திருக்காங்களாம். பல்லு முளைக்கும்போதே உள்ளாற பூந்துடுச்சாம். என்னா தேச்சாலும் போவாதாம்." நாற்பது வருசமாக நான் தேத்தண்ணியைத்தான் சந்தேகப்பட்டு வந்தேன். அநியாயமாக அதன்மேல் பழி போட்டுவிட்டேன். முதலில் பல்லை நேராக்க வேண்டும், நிறத்துக்கு வைத்தியம் அதற்குப் பிறகுதான் என்றார் மதாம். நிறத்தை முதலில் மாற்றி அதன்மேல் கம்பி ஒட்டினால், கழற்றும்போது ஒவ்வொரு பல்லிலும் ஒரு சதுரம் தெரியுமாம்.

பிறகு என்ன மாதிரிக் கம்பி என்ற கேள்வி வந்தது. இரும்புக் கம்பி போடலாம், ஆனால் அது ஊருக்கே தெரியும். வெள்ளைப் பீங்கானில் ஒன்று இருக்கிறது, அதன் சின்ன றப்பர் வளையங்கள் மஞ்சள் போட்ட கறி ஒரு கிழமை சாப்பிட்டாலே மஞ்சளாகிவிடுமாம். மதாம் என்னைப் பார்த்தார், நான் செபஸ்டியன் ஐயாவைப் பார்த்தேன், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பல்லுக்குப் பின்பக்கம் ஒட்டுவது நாக்கைக் கிழிக்குமாம். கடைசியாகக் கண்ணாடி மாதிரி, பல்லின்மேல் மாட்டும் ஒரு உறையைக் காட்டினார். மேலே ஒன்று, கீழே ஒன்று, போட்டிருப்பது ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வார்த்தையில் நான் விழுந்தேன். நாளுக்கு இருபத்திரண்டு மணித்தியாலம் போட்டிருக்க வேண்டும், சாப்பிடும்போது மட்டும் கழற்ற வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை முறை சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். மூன்று என்றேன். அத்தான், நான் பொய் சொல்லவில்லை. நம்மில் யார் தேத்தண்ணியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறது?

லா சப்பலில் ஒரு கடைக்குள் வெங்காயம் வாங்கப் போனால் ஒரு தேத்தண்ணி, பக்கத்துக் கடையில் ஏன் இஞ்சை வரேல்லை என்று கோபித்துக்கொண்டு இன்னொன்று, தலைமயிர் வெட்டப் போனால் வடையோடு ஒன்று. அது போக, வேலையில் ஒவ்வொரு சோஸையும் ருசி பார்க்க வேண்டும். முதல் நாள் உறையை முப்பத்தொரு தரம் கழற்றிப் போட்டேன். ஒவ்வொரு முறையும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுதான் செய்தேன். எங்கள் பெரிய சமையல்காரர் கிரிகோரி, நான் அழுகிறேன் என்று நினைத்து இரண்டு நாள் லீவு தரவா என்று கேட்டார். இரண்டாம் நாள் கழற்றுவதை விட்டுவிட்டு, தேத்தண்ணியை உறையோடேயே குடித்தேன், ரசத்தையும் உறையோடேயே குடித்தேன். வெள்ளிக்கிழமை அளவில் உறைக்குத் தேத்தண்ணி நிறமும் ரசத்தின் மஞ்சளும் சேர்ந்து ஏறிவிட்டன. ஒருத்தருக்கும் தெரியாத உறை இப்போது தெருவின் அந்தப் பக்கம் நின்றாலும் தெரியும். செபஸ்டியன் ஐயா மட்டும், "பரவால்ல தம்பி, பல்லுக்கு மேட்ச் ஆயிடுச்சு" என்று ஆறுதல் சொன்னார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மே மாதக் கடைசி ஞாயிறு கோயிலில் அன்னதானம். கோசலை அங்கே பரிமாறுகிறார் என்பது எனக்குப் பந்தியில் இருந்த பிறகுதான் தெரியும். நாலு இலை தள்ளிப் பூசணிக்காய்க் கறி வாளியோடு வந்துகொண்டிருந்தார். நான் குனிந்து உறை இரண்டையும் கழற்றி, கடதாசிக் கைக்குட்டையில் சுற்றி, இலையின் தலைப்பக்கம் ஓரமாகச் செருகினேன். கோசலை வந்தார், "வடிவாச் சாப்பிடுங்கோ" என்று இரண்டு கரண்டி வைத்தார், நான் தலையாட்டினேன். சாப்பாடு அருமை. பாயசம் முடிந்தது. ஐம்பத்தொரு வருசப் பழக்கம், கை தன்பாட்டில் இலையை மேலிருந்து கீழே மடித்து வைத்தது. நான் எழும்பிப் போய்க் கை கழுவினேன். வாய் கொப்பளிக்கும்போதுதான் வாய் மிகவும் வசதியாக இருப்பதை உணர்ந்தேன். ஓடி வந்து பார்த்தால் இலை இல்லை, மேசைக் கடதாசி இல்லை, அடுத்த பந்தி இருந்துவிட்டது.

பின்பக்கம் பதினொரு கறுப்புக் குப்பைப் பைகள் கட்டி வைத்திருந்தார்கள். முதல் பையை அவிழ்த்துக் கையை விட்டேன். பின்னால் கோசலையின் குரல் கேட்டது. "என்னத்தைத் தேடுறியள்?" நான் யோசிக்காமல், "திறப்பு" என்றேன். வீட்டுப் பூட்டின் திறப்பைத் துலைத்தவனுக்கு எந்தத் தமிழரும் உதவி செய்யாமல் விட மாட்டார்கள் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். கோசலை கையுறை போட்டுக்கொண்டு பக்கத்தில் குந்திவிட்டார். தொண்டர்கள் நாலு பேர் சேர்ந்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஐந்தாவது பையில் கோசலை ஒரு கைக்குட்டையை விரித்து, "இதென்ன, ஏதோ மஞ்சள் பிளாஸ்ரிக்" என்று சொல்லி, அதை எட்டாவது பைக்குள் எறிந்தார். அது போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான், அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறிவித்தலைக் கேட்டு ஆட்கள் மூன்று திறப்புகள் கொண்டுவந்து தந்தார்கள். ஏதாவது ஒன்றை எடுத்தால்தான் தேடுவது நிற்கும் என்பதால் சின்னதாக ஒன்றை எடுத்து, இதுதான் என்றேன். கோசலையின் சட்டைக் கையில் முழங்கை வரை ரசம். "கிடைச்சிட்டுதெல்லோ, இனியாவது ஒருக்காச் சிரியுங்கோவன்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனால், அது பிரசாத அறைத் திறப்பாம், ஐயர் காலையிலிருந்து வாசலில் நிற்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கோசலையிடம் கேட்கவில்லை.

ஆகவே அவர் அக்காவிடம் கேட்டது நியாயம். தனக்காகக் குப்பை கிண்டிய பெண்ணைப் பார்த்துச் சிரிக்காத மனிதனுக்கு விருப்பம் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். மதாம் ஆரெலி நடந்ததைக் கேட்டு, உறை உங்களுக்குச் சரிவராது, இரும்புக் கம்பிதான் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். வருகிற வியாழன் போடுகிறார்கள். பதினெட்டு மாதம். அடுத்த வருசம் மார்கழியில் கழற்றுவார்கள், மார்கழியில் கலியாணம் கூடாது, நிறத்துக்கும் கொஞ்சம் வைத்தியம் பார்த்துக்கொண்டு தையில் வைக்கலாம். அதுவரை எழுத்தைத் தள்ளிவைக்க நீங்கள்தான் ஒரு வழி செய்ய வேண்டும். பல்லைப் பற்றிக் கோசலையிடம் மூச்சு விட வேண்டாம். சாத்திரியாரிடம் சொல்லி ராகு கேதுவைக் காரணமாகக் காட்டுங்கள். அவர்களும் ஒரு வீட்டில் ஒன்றரை வருசம்தான் இருப்பார்களாம், எனக்கும் கம்பி ஒன்றரை வருசம், இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? அவ்வளவு காலம் கோசலை காத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. காத்திருக்காவிட்டால் எனக்குப் பெரிய கவலையாக இருக்கும். இதை வேறு விதமாக எழுதத் தெரியவில்லை.

அக்காவுக்கு என் அன்பு, மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், முக்கியமாகப் பல் தீட்டச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் நோவு மாறவும், வீட்டில் நல்ல காரியங்கள் நடக்கவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
ஞானசுந்தரம்

பி.கு.: சிவமணி அண்ணை, இதை எழுதுவது கோசலை. இன்றைக்குச் சனிக்கிழமை, சார்செலில் என் வீட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். இவர் கடிதத்தைப் போடத் தபாற்கந்தோருக்குப் போய், வரிசையில் நின்றவர், உங்களுக்கு இவ்வளவு பக்கம் எழுதிய விருப்பத்தில் ஒரு வரிகூட எனக்குச் சொல்லவில்லை என்று அங்கே வைத்துத்தான் விளங்கி, றெயில் ஏறி இங்கே வந்துவிட்டார். கதவைத் திறந்ததும் கடித உறையை நீட்டினார். நான் கதவடியிலேயே நின்று கடைசி வரி வரை வாசித்தேன். எட்டாவது பைக்குள் எறிந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஒரு திறப்புத் துலைந்ததற்கு ஒரு மனிசன் இவ்வளவு துக்கப்படுவாரா என்று இரண்டு கிழமையாக எனக்கு ஒரே யோசனை. சாத்திரியாரிடம் போக வேண்டாம், ராகுவும் கேதுவும் தங்கள் அலுவலைப் பார்க்கட்டும். எழுத்து செப்ரெம்பர் 12, சனிக்கிழமை பதினொரு மணி, நாளை மாற்றவில்லை. இவரை ஜன்னலடி வெளிச்சத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வாயைத் திறக்கச் சொல்லி, வியாழன் போட்ட கம்பியோடு சேர்த்து மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாம் ஆறுதலாகப் பார்த்தேன். இவர் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் மோசம்தான். எனக்குச் சம்மதம்.