மாமியார் வீட்டு மொட்டைமாடியில் வெஸ்டா

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். போன முதல் வருசம் அவர் எவ்வளவுக்கு வாயைத் திறக்காமல் இருக்கிறாரோ, அவ்வளவுக்கு மரியாதை. நானோ சாய்ந்தமருதில் மாமி வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்று, தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

காரணம் வெஸ்டா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற இலட்சக்கணக்கான கற்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இலங்கையை நெடுக்காக வைத்தாலும் அதன் அகலத்துக்குக் காணாது. அது பூமிக்குக் கிட்ட வந்திருந்த நாட்கள் அவை. நிலா இல்லாவிட்டால் பைனாகுலரில் பிடித்துவிடலாம். "புள்ள, உனக்கொரு சாமான் காட்டுறன்" என்று மனைவி நஸீராவிடம் ஒரு கிழமையாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். (புது மாப்பிள்ளை, அதிலும் விஞ்ஞான வாத்தியார். சும்மா இருக்க முடியுமா?) அவளுக்கு முன்னால் பெரிய ஆளாக வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நிலா இல்லாத நாளாகப் பார்த்து ஏறினேன். அது நோன்பு இருபத்தொன்பது; அன்று பிறை கண்டால் மறுநாள் பெருநாள், இல்லையென்றால் இன்னொரு நோன்பு. பெருநாள் பிறை தேடி மேற்கே பார்த்துக் கண் பூத்துப்போன ஊர், பள்ளிவாசல் அறிவிப்புக்குக் காது கொடுத்துக் காத்திருந்தது. இது எனக்கு உறைக்கவே இல்லை. கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருட்டியதும் புள்ளி அகப்பட்டது.

"கண்டுட்டன்! கண்டுட்டன்!"

"பிறை கண்டாச்சாம்!" என்றார் அடுத்த வீட்டுக்காரர். தெருவில் பட்டாசு வெடித்தது. கீழே மாமி பெருநாள் கறிக்குச் சேவலை அறுக்கக் கொடுத்துவிட்டார். நான் இறங்கி வருவதற்குள் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் சாட்சி விசாரிக்கச் சனத்தோடு வாசலில் நின்றார்.

"எந்தப் பக்கம் கண்டீங்க, மருமகன்?"

"கிழக்கால..."

"கிழக்காலயா?"

"பிறையில்ல. கல்லு. ஆகாயத்துல சுத்துற கல்லு."

முற்றம் முழுக்கச் சிரித்தது. மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு அந்த வீட்டில் இனி எப்படி முகம் காட்டுவது என்று இருந்தது.

மரைக்கார் நஸீரா பக்கம் திரும்பினார். "நீயும் கண்டயா, மகள்?"

அவள் அதுவரை பைனாகுலரைத் தொட்டதுகூட இல்லை.

"நான் காணல்ல" என்றாள். "ஆனா அவர் கண்டன் எண்டா கண்டதுதான்."

சிரிப்பு அடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளும் நோன்புதான். பெருநாள் சேவல், விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சோற்றோடு போனது.

இப்போதும் மீன் மலிவு என்று நான் சொன்னாலும் சரி, மழை வரும் என்றாலும் சரி, "அவர் கண்டன் எண்டா கண்டதுதான்" என்று வீடே சிரிக்கும். நஸீராவும் அதையே சொல்வாள். அவள் மட்டும் சிரிப்பதில்லை.