சென்னியப்பனாரின் பதினோரு நிமிடப் பேட்டி

ஒலியைப் பதிவு செய்யும் வித்தையை மனித குலம் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை, பதிந்த ஒலியை ஒரு தடவைகூடக் கேட்காமல் காப்பாற்றிவரும் பெருமை உலகத்தில் ஒரே ஓர் அமைப்புக்குத்தான் உண்டு. அது மேட்டுப்பாளையம் சாலையில், துடியலூரில், பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் தம்பிதுரை அவர்களின் வீட்டு மாடியில் இயங்குகிறது. பெயர், கொங்கு மண்டலப் பழைய வானொலி ஒலிப்பதிவுகள் சேகரிப்பு மற்றும் பகிர்வுப் பேரவை. உறுப்பினர்கள் பதினொருவர். நிறுவனர், தலைவர், நிரந்தரத் தலைவர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் தம்பிதுரையே தாங்கிவந்தார்.

'கேட்காமல்' என்றதும் விஷயம் தெரியாதவர்கள் சிரிக்கலாம். நாடா என்பது ஒரு தடவை ஓடினால் ஒரு தடவை தேயும். ஆகவே பேரவையின் முதல் விதி, எந்தப் பதிவையும் ஓட்டக் கூடாது. இரண்டாவது விதி, ஒரு பதிவைக் கொடுத்தால்தான் ஒரு பதிவைப் பெறலாம். முதலில் கொடுக்க யாரும் முன்வராததால் ஒன்பது ஆண்டுகளாக ஒரு கேசட்டும் கை மாறவில்லை. பெயரில் உள்ள 'பகிர்வு' என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அது தினமும் நடந்தது. ஒருவர் தம் கேசட்டைப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவார். மற்றவர்கள் 'கேட்டு மகிழ்ந்தோம்' என்று பதில் போடுவார்கள். ஷேக் பரீத் என்ற மூத்த உறுப்பினர் மட்டும் 'கண்கள் கலங்கின' என்றும் சேர்த்துக்கொள்வார். அவர் இளகிய மனம் கொண்டவர்.

பேரவையின் பொக்கிஷங்களுக்குள் பொக்கிஷம், பட்டறைக் கல்லாவுக்குப் பின்னால் இரும்பு பீரோவில், நீல வெல்வெட் பெட்டிக்குள் இருந்தது. தம்பிதுரையின் தந்தையார், முன்னோடி விவசாயி சென்னியப்பனார், 1986இல் வானொலியின் வேளாண் நிகழ்ச்சிக்கு மஞ்சள் சாகுபடி பற்றி அளித்த பதினோரு நிமிடப் பேட்டி. ஒலிபரப்பான மாலையில் குடும்பமே அன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. பண்ணையாள் வேலனிடம் நேரம் சொல்லி, டூ-இன்-ஒன்னில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலன் சரியாக அமுக்கியிருந்தான். திரும்பி வந்த தம்பிதுரை கேசட்டை எடுத்து, லேபிள் எழுதி ஒட்டி, பெட்டியில் வைத்தார். வைத்ததுதான். அன்றிலிருந்து முப்பத்தொன்பது ஆண்டுகளாகத் தந்தையாரின் குரல் தேயாமல் இருந்தது.

இப்படிப்பட்ட அமைதிக்குள்தான் கருமத்தம்பட்டியிலிருந்து பதிவுத் தபால்கள் வரத் தொடங்கின.

எழுதியவர் கிருபா என்ற பெண், அஞ்சலக ஊழியர். முதல் கடிதத்தில் அவர் தெரிவித்திருந்தது இவ்வளவுதான். சென்னியப்பனாரின் பண்ணையில் தம் தாயார் வள்ளியாத்தாள் பதினைந்து ஆண்டுகள் கூலி வேலை செய்தவர். அன்றைய பேட்டியில் பேசியது தாயார்தான். மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்ததில் தாயாருக்குக் குரல் போய்விட்டது. இப்போது காற்றாகத்தான் பேச்சு வருகிறது. அவர் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. ஒரு பிரதி தந்தால் அவர் கேட்டுக்கொள்வார்.

தம்பிதுரை முறைப்படி பதில் எழுதினார். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். பேட்டி எமது தந்தையாருடையது என்பது லேபிளிலேயே உள்ளது. வயல்வெளியில் எடுத்த பேட்டி ஆதலால் காக்கை, மாடு, ஆட்கள் ஆகியோரின் இரைச்சல் பின்னணியில் இருக்க வாய்ப்புண்டு. அது பேட்டி ஆகாது. நிற்க, மாற்றிக்கொள்ளத் தங்களிடம் பதிவு ஏதும் உண்டா?

கிருபாவிடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது கடிதம் வந்தது. அதே பதில் போயிற்று. மூன்றாவதில் பிரதிகூட வேண்டாம், அம்மாவை ஒரு தடவை நேரில் கேட்க மட்டும் விடுங்கள் என்று எழுதியிருந்தார். தம்பிதுரையின் பெருந்தன்மை அப்போது வெளிப்பட்டது. தந்தையாரின் நூற்றாண்டு விழாவில் பேட்டி வெளியிடப்பட இருக்கிறது, பார்வையாளராகத் தாயாரை அழைத்துவரலாம், பின்வரிசையில் இரண்டு நாற்காலி ஒதுக்கப்படும், குரல் முழுவதும் தந்தையாருடையதே என்பதை மீண்டும் உறுதி செய்கிறோம் என்று கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி அனுப்பினார்.

ஓட்டக் கூடாத நாடாவை எப்படி வெளியிடுவது? அதற்கு விஞ்ஞானம் வந்தது. பேரவைச் செயலாளர் அருள்குமார் சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் இரைச்சலை நீக்கிக் குரலை மட்டும் தனியாகக் கொடுத்துவிடும் என்றார். அதற்காகக் கேசட்டை ஒரே ஒரு தடவை ஓட்டினார்கள். அதுவும் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு. விதி விதிதான். முப்பத்தொன்பது ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடா, பதினோரு சொச்சம் நிமிடம் ஓடி முடித்ததும் பிளேயர் உருளையில் சுற்றிக்கொண்டது. கத்தரிக்கோல் வைத்துத்தான் எடுக்க முடிந்தது.

"நல்ல வேளை, கம்ப்யூட்டர்ல ஏத்திப்போட்டோமுங்க," என்றார் அருள்குமார்.

கம்ப்யூட்டர் யோசித்து, விருந்தினர் குரல்களை இரண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தது. ஒன்று, வானொலி நிலையத்தாரின் கேள்விகளோடு சேர்ந்து பதினோரு நிமிடம். இன்னொன்று நாற்பது விநாடி. எது குரல், எது இரைச்சல்? வேறு யாராவது இருந்தால் போட்டுக் கேட்டிருப்பார்கள். இவர்கள் பேரவைக்காரர்கள், நீளத்தைப் பார்த்தே முடிவு செய்தார்கள். பேட்டி கொடுத்தவர்தானே அதிகம் பேசியிருப்பார்? பதினோரு நிமிடத்துக்குச் 'சென்னியப்பனார்' என்று பெயரிட்டார்கள். நாற்பது விநாடிக்கு 'இரைச்சல்' என்று பெயரிட்டு அழித்தார்கள்.

விழா ஞாயிறு காலை பத்து மணிக்கு. மாடியில் ஷாமியானா, ரோஜா மாலையுடன் தந்தையாரின் படம், இரண்டு ஒலிபெருக்கிகள். முன்வரிசையில் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த சம்பந்தியும் அவர் உறவினர்களும். தம்பிதுரையின் மகனுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குடும்பத்தின் பெருமையைச் சம்பந்தி வீட்டார் காதாரக் கேட்பதற்கு இதைவிட நல்ல நாள் அமையாது. பின்வரிசையில் கிருபாவும், நல்ல சேலை கட்டிக்கொண்டு வள்ளியாத்தாளும். தம்பிதுரை அரை மணி நேரம் வரவேற்றார். பிறகு அருள்குமார் லேப்டாப்பைத் தட்டினார்.

ஒலிபெருக்கியில் நிலையத்தார் கேட்டார்: மஞ்சளுக்குத் தண்ணீர் எப்படிப் பாய்ச்சுகிறீர்கள்?

"அட அதெப்படீங்க நெறையாப் பாச்சறது? பாத்தியில தண்ணி நின்னாக் கெழங்கு அழுகிப் போயிருமுங்க. மொதல்ல வடிகால் வேணுமுங்க," என்றது கணீரென்று ஒரு பெண் குரல்.

குரல் நிற்கவில்லை. ஊடாலே சின்ன வெங்காயம் போடச் சொன்னது. மண் எப்போது அணைக்க வேண்டும் என்றது. விதைக் கிழங்கில் எது உதவாது என்று ஒரு அதட்டல் போட்டது. தம்பிதுரை திகைத்துப்போய்ப் பின்வரிசையைப் பார்த்தார். வள்ளியாத்தாளின் உதடுகள் விடாமல் அசைந்துகொண்டிருந்தன. விழா மேடைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு வெற்றிலை மெல்லுகிறாளே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. ஒலிபெருக்கியில் வரப்போகும் ஒவ்வொரு சொல்லையும் அந்த உதடுகள் ஒரு நொடி முன்னதாகவே சொல்லிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கிருபா எழுந்து நின்றார்.

"ஐயா, அது என்ற அம்மாவுதுங்க."

"இல்லீங்க அம்மணி, உக்காருங்க," என்றார் தம்பிதுரை பொறுமையாக. "இது எங்கய்யன் பேட்டி. நாடா வேகமா ஓடியிருக்குது. வேகமா ஓடுனா ஆம்பளைக் குரலு பொம்பளைக் குரலாயிரும். விஞ்ஞானம்."

இந்த விளக்கத்தைக் கேட்ட சம்பந்தி நிம்மதியாகக் காபியைக் கையில் எடுத்தார். எவ்வளவு மெதுவாக்க வேண்டும் என்று அருள்குமார் கேட்டதற்கு, எங்கய்யன் வரும் வரைக்கும் என்று தலைவர் உத்தரவிட்டார். அருள்குமார் திரையில் ஒரு கோட்டைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தார். குரல் இறங்கியது. இன்னும் இழுத்தார். கட்டையாகி, கனத்து, மீசை வைத்துக்கொண்டது. தம்பிதுரையின் கண்கள் பனித்தன.

"அதேதான். எங்கய்யனேதான்," என்றார்.

பேட்டி தொடர்ந்தது. நிலையத்தாரின் கேள்விகள் கிணற்றுக்குள்ளிருந்து வந்தன. சென்னியப்பனார் கம்பீரமாகப் பதில் சொன்னார்.

"பண்ணாடிக்கு அதெல்லாம் தெரியாதுங்க. வரப்பு வரைக்கும் வருவாருங்க. செருப்பக் கழட்ட மாட்டாருங்க."

பண்ணாடி என்றால் பண்ணை முதலாளி, அதாவது அவரேதான். கூட்டம் தயங்கியது. ஷேக் பரீத் எழுந்து, பெரிய மனிதர்கள் தம்மைத் தாமே தாழ்த்திப் பேசும் பணிவு இன்று எங்கே போயிற்று என்று கேட்டார். நீண்ட கைதட்டல். அது அடங்குவதற்குள், காலையில் எத்தனை மணிக்கு வயலுக்கு வருவீர்கள் என்று கிணறு கேட்டது.

"கைப்புள்ளைக்குப் பால் குடுத்து, வேப்பமரத்துத் தூளியில போட்டுப்போட்டு, ஆறு மணிக்கெல்லாம் எறங்கீருவனுங்க," என்றார் சென்னியப்பனார், வெண்கலக் குரலில். "மத்தியானம் மறுக்காப் போயிப் பால் குடுத்துப்போட்டு வாரனுங்க."

ஷேக் பரீத் மறுபடி எழுந்தார். மஞ்சள் பயிரையே கைக்குழந்தையாகப் பாவிக்கும் உவமை என்றார். ஆனால் அவர் உட்காருவதற்குள் சென்னியப்பனார் மேலும் விளக்கம் தந்துவிட்டார்.

"பேரு கிருபாங்க. எட்டு மாசமாச்சுங்க. பல்லு மொளைக்குது, கடிச்சுப்போடறாளுங்க."

அருள்குமாரின் கை தானாகப் போய் லேப்டாப்பை நிறுத்தியது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். கிருபா இரண்டாம் தடவையாக எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. அஞ்சலகத்தில் விலாசம் சரிபார்ப்பவர் போலவே பேசினார்.

"ஏனுங்க, அந்தக் கிருபா நாந்தானுங்க. இது பெரியவர் குரல்தான்னு நீங்க மூணு கடுதாசியில எழுதிக் குடுத்திருக்கீங்க. முத்திரையும் இருக்குதுங்க. அப்போ எனக்குப் பால் குடுத்து வளத்தது அவருங்க. நான் மறுக்கல."

தம்பிதுரை சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரு பால் குடிச்சவ உங்களுக்குக் கூடப்பொறந்தவதானுங்களே. உங்க கல்யாணத்துல இணைச்சீருக்குக் கூட நிக்கக் கூடப்பொறந்தவ இல்லாம, பெரியப்பன் மகளக் கூட்டியாந்து நிக்க வெச்சீங்களாமா. எனக்கு அப்ப மூணு வயசு. சொல்லி உட்டிருந்தா அம்மா தூக்கிக்கிட்டு வந்திருக்கும். போனது போச்சுங்க. தையில உங்க மகன் கல்யாணமாமுங்க. பத்திரிகையில அத்தைன்னு என்ற பேரப் போட்டுப்போடுங்க. மொத ஆளா வந்து நின்னுக்கறேன்." சற்று நிறுத்திவிட்டு, "வரட்டுங்களா, அண்ணா?" என்றார்.

சம்பந்தி காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் உறவினர் ஒருவர் அவர் காதருகே குனிந்து, பால் உறவா, எந்தத் தெரு என்று ஏதோ கேட்டது தம்பிதுரைக்கு நன்றாகவே கேட்டது. அவருடைய காது எப்போதுமே கூர்மையானது. இத்தனை ஆண்டுகளாகத் தேயாமல் வைத்திருந்த காது.

"அருளு," என்றார். "வேகத்த ஏத்து."

"எவ்வளவுங்க?"

"அந்தம்மா வர்ற வரைக்கும்."

கோடு வலப்பக்கம் போயிற்று. மீசை உதிர்ந்தது. வள்ளியாத்தாள் முதலிலிருந்து பதினோரு நிமிடமும் பேசினார், எல்லாருக்கும் முன்னால், குறுக்கே யாரும் இல்லாமல். பின்வரிசையில் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். வெங்காய விஷயத்தில் ஒரு இடத்தில் திருப்தி இல்லாதவர் போல உதட்டைப் பிதுக்கினார். மற்றபடி சரிதான் என்பது போல் இருந்தது அவர் முகம்.

அப்படியானால் எங்கய்யன் எங்கே என்று தம்பிதுரை மெல்லக் கேட்டார். நாம் அழித்த அந்த நாற்பது விநாடிதான் சார் என்று அருள்குமார் இன்னும் மெல்லச் சொன்னார்.

இங்கேதான் பேரவையின் உயர்வைச் சொல்லியாக வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக எவருக்கும் ஒரு நொடி ஒலியைத் தந்திராத பேரவை, மாற்றுப் பதிவு ஏதும் பெறாமல், நான்கே நிமிடத்தில் கிருபாவின் கையில் பென் டிரைவைக் கொடுத்தது. அத்துடன் விடவில்லை. சம்பந்தியின் முன்னிலையில், தலைவர் தம் கைப்பட ஒரு சான்றிதழும் எழுதித் தந்தார். 'மேற்படி ஒலிப்பதிவில் உள்ள பேச்சு, அதிலுள்ள வேளாண் அறிவு, குரல், பால் ஆகிய அனைத்தும் திருமதி வள்ளியாத்தாளுக்கே உரியவை என்றும், அன்னாருக்கும் எமது குடும்பத்துக்கும் எவ்வித உறவும் இல்லை என்றும் இதன்மூலம் உறுதி அளிக்கிறோம்.' வள்ளியாத்தாளின் பேச்சையும் அறிவையும் முப்பத்தொன்பது ஆண்டுகள் குடும்பச் சொத்தாக வைத்துக்கொள்ளக் கூசாத மனிதர், ஒரு வாய்ப் பாலை அரை மணி நேரம்கூட வைத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு நேர்மை.

கிருபா சான்றிதழைத் தாயாருக்குப் படித்துக் காட்டினார். வள்ளியாத்தாள் மகளின் காதில் காற்றாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் தம்பிதுரை.

"ஒண்ணுமில்லீங்க. உறவு இல்லைன்னு எழுதுன வரிக்குக் கீழ ஒரு கோடு போட்டுக் குடுக்கச் சொல்றாங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா அவங்களுக்கும் சங்கடமாப் போயிருமாமுங்க."