நகராத பள்ளம்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. என் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாம் நலம். அங்கே உன் கோபம் நீங்கலாக எல்லாம் நலமென்று நம்புகிறேன்.

நீ சொல்லி அனுப்பியபடியே, "நட்சத்திரம் பார்த்தது போதும், அத்தை உனக்கு ஊர்லயே வேலை பேசி வச்சிருக்கா, கிளம்பு" என்று மகளிடம் சொல்லத்தான் செய்தேன். "கொஞ்சம் இருங்கப்பா" என்று கூட்டத்துக்குப் போய்விட்டாள். வானாய்வகத்தில் அவள் மேசையில் பன்னிரண்டு கண்ணாடித் தாள்கள் கிடந்தன. ஒரே நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பன்னிரண்டு நாள் எடுத்த கோட்டுப்படங்கள். எந்த நிறம் குறைகிறதோ, அங்கே கோட்டில் ஒரு பள்ளம். அடுக்கிப் பார்த்தால் பள்ளங்கள் பொருந்தாமல் இப்படியும் அப்படியும் விலகி நிற்கின்றன. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் நான்கு வண்ணமும் விலகாமல் அச்சடித்தவன் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் நேராக நகர்த்தி, ஒட்டுநாடா போட்டு, ஓரத்தையும் பிசிறில்லாமல் வெட்டி வைத்தேன்.

திரும்பி வந்தவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, அந்த நட்சத்திரம் தன் ஜோடியோட சுத்திக்கிட்டே இருக்கு. அதனாலதான் பள்ளம் நகருது. அதைத்தான் நான் அளக்கிறேன்."

"எல்லாம் அடங்கிடுச்சும்மா. இந்தக் குட்டிப் பள்ளம் ஒண்ணுதான் அடங்க மாட்டேங்குது, தாளுக்குத் தாள் வேற இடத்துல நிக்குது" என்று குற்றவாளி போலக் காட்டினேன்.

குனிந்தாள். அளவுகோலை எடுத்தாள். தாள் தாளாக அளந்தாள். பிறகு தலைமை விஞ்ஞானி அம்மாவை அழைத்து வந்தாள். அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு, "மத்த பள்ளத்தை நேராக்க நீங்க தாளையே நகர்த்தினதால இது நகர்ந்த மாதிரி தெரியுது. உண்மையில இது மட்டும்தான் நகரவே இல்ல. இது நட்சத்திரத்தோடது இல்ல, வழியில இருக்கிறது" என்றார்.

அக்கா, நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே வெறும் இருட்டு என்றுதானே நினைத்திருந்தோம்? அங்கே ஏதோ ஒன்று பரந்து கிடந்து, கடந்து போகும் ஒளியில் தனக்கு வேண்டிய நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறதாம். எடுத்தது எது என்று கேட்டேன். "தெரியலப்பா" என்றாள் மகள். தெரியாது என்பதை இத்தனை சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தொள்ளாயிரம் வருஷம் நடந்து வந்த ஒளி. அதில் குறைந்துபோன இடத்தின்மேல் என் சுண்டுவிரல் இருந்தது. எடுக்க மனசே வரவில்லை.

ஆக, கண்டுபிடித்தாயிற்று, இனி இவளுக்கு இங்கே வேலையில்லை. வெள்ளிக்கிழமைப் பேருந்தில் கூட்டி வந்துவிடுகிறேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் ஓடி வந்தாள். அதே திசையில் வேறொரு நட்சத்திரம்; அதன் ஒளியிலும் அதே நிறத்தில் அதே பள்ளம். வெள்ளிக்கிழமை யாரும் எங்களை எதிர்பார்க்க வேண்டாம். எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.