துண்டு போட்ட விமானம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. உட்காரும் இடம் எதுவானாலும் முதலில் துண்டு போட்டுவிடுவேன். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்தே வளர்ந்தவன். துண்டு கிடக்கிற சீட்டில் வேறொருத்தன் உட்கார்ந்தால் கைகலப்பு நிச்சயம். இந்தச் சட்டம் ஆகாயத்திலும் செல்லும் என்று இருபத்துநாலு வயதில் நம்பினேன்.

எழுபதுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த பட்டுக் கடையிலிருந்து பெங்களூர்க் கல்யாண வீடொன்றுக்கு முகூர்த்தப் புடவை அவசரமாகப் போக வேண்டியிருந்தது. முதலாளி என்னை விமானத்தில் அனுப்பினார். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து விமானம் ஏறும் முதல் ஆள் நான்தான். (வீடு வீடாகப் போய் நானே சொன்னது.) கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி சுலோச்சனாவிடம், "பத்து மணிக்கு ப்ளேன் நம்ம ஊரு பக்கமாத்தான் போவும். மாடியில உன் அரக்குப் புடவைய விரிச்சு வச்சுட்டு கை ஆட்டு. நானும் ஆட்டறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். டிக்கெட் கொடுத்தவரிடம் கெஞ்சி, ஊர் தெரிகிற இடது பக்க ஜன்னல் சீட்டும் வாங்கிவிட்டேன்.

மீனம்பாக்கத்தில் ஏறி உட்கார்ந்த கையோடு, இயந்திரத்தில் ஏதோ கோளாறு, எல்லோரும் இறங்குங்கள் என்றார்கள். பஸ் டீக்கடையில் நின்றால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு இறங்கினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வேறொரு விமானத்துக்குக் கூட்டிப் போனார்கள். சின்னது, இறக்கையில் விசிறி சுற்றுகிற வகை. என் பழைய சீட்டு எண் அதில் கிடையவே கிடையாது. கொடுத்த புது இடம் வலது பக்கம், நடைபாதை ஓரம். நான் நேராகப் போய் இடது ஜன்னலோரம் இருந்த கனத்த மனிதரிடம், "சார், இது நான் துண்டு போட்ட இடம்" என்றேன்.

அவர் கொஞ்சம் எழுந்து தமக்கடியில் தடவிப் பார்த்தார். "துண்டு எதுவும் இல்லையே தம்பி."

"அது அந்த ப்ளேன்ல இருக்குது சார்."

பணிப்பெண் ஓடி வந்தார். "ப்ளேன் மாறினதால எல்லாருக்குமே சீட்டு மாறியிருக்கு சார்."

"ப்ளேன் மாறலாம்மா. எங்க ஊரு இடது பக்கம்தானே இருக்குது? அது மாறலியே."

விமானமே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. மாடி, அரக்குப் புடவை, மூன்று மாதம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கனத்தவர் எழுந்துகொண்டார். "எனக்குக் கீழ பார்த்தாலே தலை சுத்தும்பா. நீயே உட்காரு" என்று பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

விமானம் மேலே எழும்பியபோது திறந்த என் வாய் பெங்களூர் வரை மூடவில்லை. ஏரி ஏரியாக வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது. பிறகு ஊர். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த ஏகாம்பரநாதர் கோபுரம் என் சுண்டுவிரல் நகத்தளவு இருந்தது. நான் பிறந்தது, சண்டை போட்டது, தாலி கட்டியது எல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. உடம்பு சிலிர்த்து, என்னை அறியாமல் கும்பிட்டேன். அப்போதுதான் அந்தச் சிவப்பு தெரிந்தது.

"அதோ சார், என் பொண்டாட்டி" என்று கை ஆட்டினேன். கண்ணைத் திறக்காமலே கனத்தவரும் ஆட்டினார்.

ஊர் திரும்பியதும் சுலோச்சனாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அரக்குப் புடவை பளிச்சுனு தெரிஞ்சுது. நீ கை ஆட்டினதுகூடப் பார்த்தேன்."

"எத்தினி மணிக்குங்க?"

"பன்னெண்டரை இருக்கும்."

"பத்தேகாலுக்கே ஒரு ப்ளேன் போச்சுதுங்க. தெருவே நின்னு கை ஆட்டிச்சு. நான் அழுதுகூட அழுதேன். அப்பவே புடவைய மடிச்சுப் பொட்டியில வச்சிட்டேன். பன்னெண்டரைக்கு சோறு வடிச்சுக்கினு இருந்தேன்."

நான் கை ஆட்டியது கோடி வீட்டுக்காரர் சிவப்புச் சாயம் தோய்த்துக் காயப்போட்ட நூலுக்கு. அவள் அழுதது யாரை ஏற்றிக்கொண்டு போன விமானத்துக்கோ, இன்றுவரை தெரியாது. துண்டும் திரும்பவில்லை.

பேரன் பேத்திகள் ஊருக்குக் கிளம்பினால், "தாத்தா, துண்டு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்காமல் போவதில்லை. சுலோச்சனா மட்டும் கிண்டல் செய்வதில்லை. தலைக்கு மேல் எந்த விமானம் போனாலும், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், வாசலுக்குப் போய்க் கை ஆட்டிவிட்டு வருவாள்.

"ப்ளேன மாத்தியிருந்தாலும் மாத்தியிருப்பாங்க" என்பாள்.